அமீனா சொன்ன புவனா கதை

கலந்தர் பாயின் நண்டுக் கொட்டகைப் பெண்களிடம் "இப்ப இன்னா நாவல் படிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "முக்கால்வாசி படிச்சிட்டோம்" என்று பன்மையில்தான் பதில் வரும். ஒரு நாவலை ஒருத்தியே மூலையில் உட்கார்ந்து தீர்ப்பது எங்களிடம் கிடையாது. அமீனா, மார்கரெட், நான் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு நாவலைப் படிப்போம். கொட்டகையில் இருக்கிற மற்றவர்கள் காதால் படிப்பார்கள்.

என் பெயர் ராஜம்மா. மூன்று பேரில் வயதில் மூத்தவள். வாயிலும் நான்தான் மூத்தவள் என்று மற்ற இரண்டு பேரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் இங்கே சொல்ல வந்தது அமீனாவைப் பற்றி.

எங்கள் வேலை பழவேற்காட்டு ஏரியில், தோணிரேவுக் கரையில். விடிந்ததும் படகுகள் நண்டு வலையை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து போடும். வலைக் கண்ணில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல், கொடுக்கு முறியாமல் பிரித்து எடுக்க வேண்டும். கால் ஒடிந்த நண்டை வியாபாரி தொடமாட்டான். இரண்டு கையும் அதிலேயே இருக்கும், ஈரமும் சேறுமாக. இந்தக் கையால் புத்தகத்தைத் தொட முடியுமா? அதனால் படிப்பது வீட்டில், சொல்வது வலையருகில். கை நண்டிடம் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது.

இதற்கு ஒரு முறையும் வைத்திருக்கிறோம். எங்கள் ஏரியில் இறால் விழும் இடத்தில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. பாடு உண்டு. சீட்டு குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று ஆண்கள் முறை வைத்திருக்கிறார்கள். உன் பாடு நாளில் வலை நிறைந்தாலும் உன்னுடையது, வெறும் பாசி வந்தாலும் உன்னுடையது. அடுத்தவன் பாடு நாளில் வலை வைத்தவன் ஊர்க் கூட்டத்தில் தலை குனிந்து நிற்க வேண்டும். ஒரே புத்தகத்துக்கு நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்ட காலத்தில், புத்தகத்துக்கும் பாடு வைத்தால் என்ன என்று கேட்டது நான்தான்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். சீட்டில் பெயர் வந்தவள் புத்தகத்தை எடுத்துப் போவாள், முடிந்த மட்டும் படிப்பாள், மறுநாள் வந்து சொல்வாள். அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் தொடங்குவாள். ஒருத்தி படித்த பக்கத்தை இன்னொருத்தி திருப்பிப் பார்க்கக் கூடாது. அவள் என்ன சொன்னாளோ அதுதான் அந்தப் பக்கம். இப்படி ஒரு படிப்பு உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா என்று தெரியாது. எங்களுக்குச் சரியாக இருந்தது.

மூன்று பேருக்கும் மூன்று ருசி. மார்கரெட்டுக்குக் கொலை வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம் விழாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எனக்கு மாமியார், நாத்தனார், சொத்துச் சண்டை என்று நாலு பேர் நன்றாக வாயாட வேண்டும். அமீனாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தேவையில்லை. ஜன்னலோரம் யாராவது ஒருத்தி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அவளுக்கு ஒரு வாரம் ஓடும்.

அமீனா பழவேற்காட்டுக்காரி. கப்பல் வைத்து வாணிபம் செய்த குடும்பம் என்பார்கள். அந்தக் கப்பலை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அமீனா பார்த்திருக்கிறாள், அல்லது பார்த்ததாக அவளே நம்பிக்கொண்டிருக்கிறாள். பெரிய வீட்டை அண்ணன் தம்பிகள் பிரித்து, அவள் புருஷன் கலந்தர் பாய்க்கு வந்தது ஒரு கூடமும் உயரமான ஒரு கதவும். பாய் நண்டு வாங்கி மதராஸுக்கு அனுப்புகிறார். அமீனா கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்து நண்டைத் தரம் பிரித்து, கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்குவாள். மகன் ஹாமித் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே பழைய பேப்பர் கடையில் கிடைக்கிற நாவல்களை எடைக்கு வாங்கிவந்து அம்மாவிடம் தருவான். அட்டை கிழிந்தது, முன்பக்கம் போனது என்று எதுவும் பார்க்கமாட்டான். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறாள் அமீனா.

அவள் படிக்கிற நாளில் வீட்டில் சோறு குழையும், அல்லது அடிபிடிக்கும். பாய் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறியிருக்கிறார் பாய். "சுந்தரத்துக்குக் காய்ச்சல் கொறையலங்க" என்றாளாம். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார் அந்த மனிதர். சுந்தரம் நாவலில் வரும் ஆள் என்று வாசலில்தான் அவருக்குத் தெரிந்தது.

அமீனா கதை சொன்னால் கொட்டகையில் வேலை மெதுவாகும். பாதி புத்தகத்தில் இருக்கும், பாதி அவளே சேர்த்ததாக இருக்கும். முக்கியமாக மழை. அவள் பாடு நாளில் விழுந்த பக்கங்களில் எப்போதும் மழை பெய்யும். ராஜஸ்தான் பக்கம் நடக்கிற கதையிலும் பெய்தது.

"ஏண்டி, மார்கரெட்டு படிச்ச வரைக்கும் மணலாத்தானே கீது? உன் கைக்கு வந்ததும் எங்கேர்ந்து மழ வந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"வந்துச்சுக்கா. எழுதினவங்க எழுதாம உட்டுட்டாங்க" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குக் கோபம் வரும். சட்டம் போட்டவள் நான் இல்லையா? ஆனால் மழை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை என்று விட்டுவிடுவேன். அவள் சொன்ன கதையில் நாங்கள் ஒரு வரியைக் குறைத்துச் சொன்னாலும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்பதும் ஒரு காரணம்.

போன மார்கழியில் வந்தது புவனா கதை. அட்டை இல்லாததால் பெயர் தெரியாது, நாங்கள் வைத்த பெயர்தான் அது. நீலகிரிப் பக்கம் ஒரு மலையூர். புவனா என்று ஒரு பெண். கணவன் ராஜசேகர் பார்க்க லட்சணமானவன், பேச்சில் தேன் ஒழுகும், கதவைச் சாத்தினால் கை நீட்டுவான். தேயிலைத் தோட்டத்து வீட்டில் மூடுபனிக்கு நடுவே அவள் தனியாக இருக்கிறாள். மூடுபனியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதத்தில் எங்கள் ஏரியும் விடியற்காலையில் காணாமல் போய்விடும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படகு வருகிற சத்தம் கேட்கும், படகு தெரியாது. பூநாரைகள் கத்தும், ஒன்றும் கண்ணில் படாது. வெயில் ஏறும்வரை நாங்கள் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருப்போம்.

"யக்கா, அதோ பாரேன், தோட்டத்து பங்களா தெரியுது" என்பாள் அமீனா.

அது ஐஸ் கம்பெனியின் தகரக் கூரை. ஆனாலும் அவள் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் எனக்கும் பங்களாவாகத்தான் தெரிந்தது. உள்ளே புவனா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு இருப்பாள் என்றுகூட நினைத்தேன். பொய் சொல்ல மனமில்லை, அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

அந்தக் கதையில் மட்டும் கொலை எங்கே என்று மார்கரெட் கேட்கவில்லை. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய ஒரே மகள் ரோஸ்மேரி ஒரு பையோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை பிராங்க்ளின் எண்ணூர்ப் பக்கம். வந்த அன்றைக்கு அவள் கழுத்தில் இருந்த காயத்தை ஊரே பார்த்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மார்கரெட்டின் புருஷன் ஜான் உயிரோடு இருந்தவரை அவளையும் அடித்தவன்தான். அவள் எங்கும் போகவில்லை, சமாளித்தாள், அவனை அடக்கமும் செய்தாள். அந்த வீட்டில் இதையெல்லாம் வாயால் பேசிப் பழக்கமில்லை. தாய் மகளிடம் "நீ போறியா, இருக்கிறியா?" என்று கேட்கவில்லை. மகள் "நான் போகமாட்டேன்" என்று சொல்லவில்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் மற்றவர் என்ன நினைக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே படுத்துக் கிடந்தார்கள்.

கொட்டகையிலும் ரோஸ்மேரி பெயரை யாரும் எடுக்கவில்லை. புவனா பெயரை எடுத்தோம்.

"இவ ஏன் இன்னும் அவன் கூட குந்திகினு கீறா?" என்று மார்கரெட் கேட்பாள்.

"போக எடம் இல்லன்னு நெனைச்சிகினு இருப்பா" என்பாள் அமீனா.

"அம்மா வூடு கீதே?"

"அம்மா சேத்துக்குவாளோ மாட்டாளோன்னு பயமா இருக்கும்."

மார்கரெட் கையிலிருக்கிற நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "எந்த அம்மா சேத்துக்க மாட்டா?" என்பாள். பிறகு அவளே, "ஆனா ஊர் பேசும்" என்பாள். நாங்கள் எல்லாரும் புவனாவுக்கு யோசனை சொல்வோம். கொட்டகையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. புருஷனோடு இருந்தால்தான் மரியாதை என்று ஒரு கட்சி. இருக்கக் கூடாது, உயிர் போனால் மரியாதையை வைத்து என்ன செய்ய என்று நான். அந்த மலையூர்ப் பெண்ணுக்காக நான் தொண்டை கட்டுகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். மார்கரெட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கடைசிச் சுற்றுக்குச் சீட்டு குலுக்கினோம். முதலில் நான், அடுத்தது மார்கரெட், முடிவு அமீனாவுக்கு. என் பாடு நாளில் புவனா அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் அதைச் சொன்னபோது மார்கரெட் தலை நிமிரவில்லை. மறுநாள் மார்கரெட் படித்த பகுதியில் ராஜசேகர் வந்து கையைப் பிடித்து அழுகிறான், இனிமேல் ஒன்றும் நடக்காது என்று சத்தியம் செய்கிறான். அம்மா பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறாள். புவனா வாயே திறக்காமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். அதோடு நிறுத்திவிட்டாள் மார்கரெட். மிச்சம் ஏழெட்டுப் பக்கம்தான், அதுவும் அமீனாவுக்கு உரியது.

புத்தகத்தை அமீனா கையில் கொடுக்கும்போது மார்கரெட் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி மாப்பிள்ள வூட்டுலேர்ந்து வராங்க, இட்டுகினு போறதுக்கு. பதில் சொல்லணும். புவனா போறாளா இல்லையான்னு பாத்துக்கறேன். அவ போனா, இதுவும் போவட்டும்."

ஒரு பெண்ணுடைய வாழ்க்கையை ஒரு கிழிந்த நாவலை வைத்தா முடிவு செய்வார்கள் என்று வெளியாட்கள் கேட்கலாம். மார்கரெட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மாதா கோயிலில் கேட்டால் சமாதானமாகப் போ என்பார்கள். சொந்தக்காரர்களைக் கேட்டால் அனுசரித்துப் போ என்பார்கள். அவள் வாழ்க்கையில் அவளுக்கு முன்னால் புருஷனை விட்டுக் கிளம்பியவள் ஒருத்தியும் இல்லை. புவனா ஒருத்திதான் அவளுக்குத் தெரிந்தவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அமீனா சற்றுத் தாமதமாக வந்தாள். பனி இன்னும் கலையவில்லை. கொட்டகையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தோம். அவள் உட்கார்ந்தாள், கட்டுக் கயிற்றை எடுத்தாள், சொல்லத் தொடங்கினாள்.

பஸ் கிளம்பி மலை ஏறுகிறது. ஜன்னலோரம் புவனா, பக்கத்தில் ராஜசேகர். இரண்டாவது வளைவு திரும்பும்போது புவனா எழுந்து நிற்கிறாள். "நிறுத்துங்க, எறங்கணும்" என்கிறாள். கண்டக்டர் இங்கே ஸ்டாப் இல்லை என்கிறார். "பரவால்ல, நான் எறங்கணும்" என்கிறாள். இறங்கிவிடுகிறாள். ராஜசேகர் கூப்பிடுகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய்விடுகிறது. வந்த வழியே நடந்து தாய்வீட்டுக்குப் போகிறாள். அம்மா வாசலில் நிற்கிறாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தட்டை எடுத்து வைக்கிறாள்.

"அவ்ளோதான்" என்றாள் அமீனா.

 மார்கரெட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையிலிருந்த சேறு கன்னத்தில் ஒட்டியது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து, "எனக்கு வூட்ல வேல கீது" என்று போய்விட்டாள். பாதி வலை அப்படியே கிடந்தது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. இவ்வளவு பெரிய முடிவில் மழை எங்கே? மலை, வளைவு, நடுவழியில் இறங்கித் தனியாக நடந்துவருகிற பெண். அமீனாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஒரு துளி பெய்யவில்லை. பூ இல்லை, காற்று இல்லை, பாட்டு இல்லை. இழுத்து இழுத்துச் சொல்கிறவள், போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்வது போலச் சொல்லி முடித்தாள்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"புஸ்தகத்துல இன்னா போட்டிருக்குது?"

"யக்கா..."

"நான் படிக்க மாட்டேன். பாடு தாண்ட மாட்டேன். உன் வாயால சொல்லு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போயிட்டாக்கா. பஸ்ல ஒண்ணாவே போயிட்டாங்க. வூட்டுக்குப் போயி வௌக்கு ஏத்தறா. எல்லாம் சரியாப் போச்சுன்னு முடிச்சிட்டாங்க. எழுதினவங்க எழுதிட்டுத் தூங்கப் போயிட்டாங்க, அவ அங்க கெடந்து சாவறா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புவனா அவனோடு இருக்கக் கூடாது என்று கத்தியவள் நான்தான். ஆனால் அது வேறு, இது வேறு. "ஒருத்தி பாடுல விழுந்தத மாத்திச் சொல்லலாமா? நாங்க உன்ன நம்பித்தானே கீறோம்? அந்தப் பொண்ணு நாளைக்குத் தாய்வூட்டுல கெடந்து கஷ்டப்பட்டா எவ பதில் சொல்றது? நீயா? மழ பெய்யுதுன்னு சொல்றதும் இதுவும் ஒண்ணாடி?"

"மார்கரெட்டு மொகத்தப் பாத்தேன். வாயத் தொறந்தேன். வேற வந்துடுச்சு" என்றாள். அழுதாள். "சத்தியமா நான் யோசிச்சு வரலக்கா. உள்ளத உள்ளபடி சொல்லணும்னுதான் வந்தேன்."

"உண்மைய நானே மார்கரெட்டு கிட்ட சொல்லிடறேன். அப்புறம் அவ இஷ்டம்."

"சொல்லு" என்றாள் அமீனா. தடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மார்கரெட் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால், ரோஸ்மேரியின் பை நடுவீட்டில் திறந்து கிடக்கிறது. மறுநாள் பயணத்துக்குக் கட்டி வைத்திருந்த பை. மார்கரெட் அதிலிருந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"இன்னா ராஜம்மா?" என்றாள் மார்கரெட்.

"கொஞ்சம் புளி இருந்தா குடேன்" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டில் புளி நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்க்காரர்கள் வந்தார்கள். மார்கரெட் டீ போட்டுக் கொடுத்தாள். எல்லாரும் குடித்து முடித்த பிறகு, "என் பொண்ணு வரமாட்டா" என்று மட்டும் சொன்னாள். கூச்சல் தெரு முனை வரை கேட்டது. பிராங்க்ளின் வாசலில் நின்று என்னென்னவோ பேசினான். மார்கரெட் கதவைச் சாத்தவில்லை, நிலைப்படியில் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவர்கள்தான் போனார்கள்.

அதன் பிறகு அமீனா சரியாக இல்லை. புத்தகத்தை அவள் வீட்டுப் பெட்டியின் அடியில் போட்டு மூடிவிட்டாள். ஹாமித் வேறு நாவல்கள் கொண்டுவந்தான். அவள் முறை வந்தால் படித்தாள், உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் வந்தான், இவள் போனாள், இவர்கள் சாப்பிட்டார்கள். நான் இத்தனை வருடம் கேட்டது இதைத்தானே, ஒழுங்காகச் சொல் என்று? வந்துவிட்டது. கேட்கச் சகிக்கவில்லை. கொட்டகைப் பெண்கள் காதில் போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரோஸ்மேரி தெருவில் போனால் அமீனா அவள் முகத்தையே பார்ப்பாள். இளைத்திருக்கிறாளா, அழுதிருக்கிறாளா என்று தேடுவாள். யாராவது ரோஸ்மேரியைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "ஒரு பொய்ய சொல்லி ஒரு பொண்ண நிறுத்தி வெச்சிட்டேன்கா. அது மனசுல போவணும்னு இருந்திருந்தா?" என்று என்னிடம் கேட்பாள்.  அந்தப் பெண் மனசில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

ரோஸ்மேரி மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹாமித்தான் விசாரித்துச் சொன்னது. காலையில் வேன் வந்து அழைத்துப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச ஆரம்பித்தாள், சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். கோடை தொடங்கி, ஏரி வற்றி, கரை தூரமாகப் போயிருந்த சமயம், ஒரு விடுமுறை நாளில் அம்மாவுக்கு உதவியாகக் கொட்டகைக்கு வந்தாள். மார்கரெட் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். ரோஸ்மேரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பெரிம்மா, எனக்கும் புஸ்தகத்துல பாடு வைப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வெக்கலாம். சட்டம் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "ஆனா நான் முன்னாடியே ஒருவாட்டி சட்டத்த மீறிட்டேன். அந்தப் புவனா புஸ்தகம் எங்க வூட்ல இருந்த அன்னிக்கி, அம்மா தண்ணி பிடிக்கப் போச்சு. நான் எடுத்து கடேசி வரைக்கும் படிச்சிட்டேன்."

எனக்குக் கையில் நண்டு கொடுக்கு பட்டது. அமீனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டுக் கயிறு பாதி முடிச்சில் நின்றது.

ரோஸ்மேரி நண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ போயிட்டாளே, அத்தே. பஸ்ல ஏறி அவன் கூடவே போயிட்டா. அதப் படிச்சிட்டு, சரி, இதான் போலன்னு நான் பைய கட்டிட்டேன். எனக்குப் போறதுக்கு இஷ்டம் இல்ல. செத்துடலாம்னு இருந்துச்சு. ஆனா அம்மா கிட்ட எப்படி சொல்றது? அதுவே நைனா கிட்ட அவ்ளோ பட்டுச்சு, தாங்கிகினு இருந்துச்சு. நான் மட்டும் முடியலன்னு சொல்றதா?"

பிரித்த நண்டை அமீனா பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வெள்ளிக்கெழம அம்மா வேல பாதில ஓடி வந்துச்சு. மூஞ்சில சேறு. புவனா எறங்கிட்டா, நடுவழில பஸ்ஸ நிறுத்தி எறங்கிட்டா, அவங்கம்மா ஒண்ணுமே கேக்கல, தட்டு எடுத்து வெச்சான்னு சொல்லுது. எனக்குத் தெரியும் அது புஸ்தகத்துல இல்லன்னு. நீங்க படிச்சத படிச்சபடிதானே சொல்லியிருப்பீங்க. எங்கம்மாவுக்கு என் கிட்ட, போவாதன்னு நேரா சொல்ல வாய் வரல, அத்தே. எனக்காக கதைய மாத்திச் சொல்லுது. எங்கம்மா! ஒரு வார்த்த கூட சேத்துப் பேசத் தெரியாத எங்கம்மா, எனக்காக உக்காந்து ஒரு கதைய யோசிச்சிருக்குது. அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு. அவ்ளோ ஆசையா என்ன இருக்கச் சொல்லுதேன்னு."

அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "இதப் பத்தி நான் அம்மா கிட்ட கேக்கவே இல்ல. கேட்டா வெக்கப்படும்."

அமீனா வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அவளை அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் போக இஷ்டமில்லை, அமீனா கெடுதல் செய்யவில்லை. அதோடு, அவள் வாழ்நாளில் சொன்ன கதைகளிலேயே ஒரு உயிரைக் காப்பாற்றிய கதை அதுதான். "அது நான் சொன்னது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரோஸ்மேரி அவள் காலைப் பிடித்துக்கொள்வாள். கதையில் ஒரு வரியை நாங்கள் மாற்றிச் சொன்னாலே பொறுக்காதவள் அவள். அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றாள் அமீனா. "உங்கம்மா மாதிரி கதை சொல்ல எங்களுக்கு வராது."

சொல்லிவிட்டுக் குனிந்து நண்டைக் கட்டினாள். எனக்கு அழுகை வந்தது. அமீனா இவ்வளவு பெரியவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் மார்கரெட் ஐஸ் கூடையைத் தலையில் சுமந்து, புடவையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "இன்னா எல்லாரும் ஒரு மாதிரி கீறீங்க? இன்னா பேசிகினு இருந்தீங்க?" என்றாள்.

"நீ சொன்ன கதையப் பத்திதான்" என்றாள் ரோஸ்மேரி.

"நானா? நான் இன்னா கதை சொன்னேன்?"

 ரோஸ்மேரி எழுந்து போய், அம்மாவின் தலையிலிருந்த கூடையை இரண்டு கையாலும் இறக்கி வாங்கிக்கொண்டாள்.